நம் வாகனம் நற்கூலியா, திரையா, சுமையா?

 



சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதுபவர், உழைப்பாளி, ஜமாஅத் தொழுகையைத் தவற விடாதவர். "ஹஜ்ரத், போக்குவரத்துச் செலவு கட்டுப்படியாகவில்லை. மகளின் கல்லூரி வேனுக்கு மாதம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். இந்த ஆண்டோடு அவளது படிப்பை நிறுத்தி விடலாமா என்று யோசிக்கிறேன்" என்றார். நான் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பயணச் செலவையும் எழுதச் சொன்னேன். அவருடைய வண்டிக்குப் பெட்ரோல், மகளின் வேன் என்று எழுதிக் கொண்டே வந்தவர் கடைசி வரியில் தயங்கினார். மகனுக்குக் கடனில் வாங்கிக் கொடுத்த புதிய மோட்டார் சைக்கிளின் மாதத் தவணை 4,000 ரூபாய். அதில் வட்டியும் அடக்கம். மகன் வேலைக்குச் செல்லும் கடையோ வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது!

அவர் பொய் சொல்லவில்லை. செலவு உண்மையிலேயே கூடித்தான் இருக்கிறது. ஆனால் எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் வேளையில், நிறுத்த வேண்டியது அவர் கண்ணில் படவில்லை. நிறுத்தக் கூடாததே முதலில் கண்ணில் பட்டது. இது அவர் ஒருவரின் நிலை மட்டுமன்று. நம்மில் பலருடைய வீடுகளின் நிலையும் இதுதான். எனவே இந்த விஷயத்தை மார்க்கத்தின் ஒளியில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விலை ஏறுவது ஏன்?

நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமாக வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. உலகச் சந்தையில் விலை ஏறினாலும், டாலருக்கு எதிராக நம் ரூபாயின் மதிப்பு இறங்கினாலும் அதன் சுமை நம்மை வந்தடைகிறது. அதன் மேல் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் விற்பனை வரியும் சேர்கின்றன. 2010 ஜூன் மாதம் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் விலையை மாற்றியமைக்கும் முறை வந்தது. 2021 ஜூலையில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் கலால் வரி குறைக்கப்பட்டபோது ஓரளவு இறங்கியதே தவிர, பழைய காலத்து விலை திரும்பி வரவில்லை. 2018 ஜனவரியில் தமிழகத்தில் அரசுப் பேருந்துக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது மாணவர்கள் வீதிக்கு வந்து போராடியதும், அதன் பின் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டதும் நாம் கண்டவை.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் மதீனாவில் விலைவாசி ஏறியது. மக்கள் வந்து, விலையை நிர்ணயம் செய்து தாருங்கள் என்று வேண்டினார்கள். விலையை ஏற்றி இறக்குபவனும், ரிஜ்க்கைச் சுருக்குபவனும் விரிப்பவனும் அல்லாஹ்வே என்றும், உயிரிலோ பொருளிலோ எவருக்கும் அநீதி இழைத்தவனாக அல்லாமல் அல்லாஹ்வைச் சந்திக்கவே தாம் ஆசைப்படுவதாகவும் நபியவர்கள் பதிலளித்தார்கள். இதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதி).

இந்த ஹதீஸில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ரிஜ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. எனவே விலை ஏறி விட்டதே என்று நிராசை அடைவது முஃமினுக்கு அழகன்று. இரண்டாவது, விலை ஏறும் காலத்திலும் யாரும் யாருக்கும் அநீதி இழைத்து விடக் கூடாது. நியாயமான கோரிக்கையை உரிய முறையில் ஆட்சியாளரிடம் கொண்டு செல்வது தவக்குலுக்கு மாற்றமானதன்று. அதே வேளையில், நம் வீட்டுக்குள் நாமே சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யாமல் விட்டு விட்டுக் காலத்தை மட்டும் குறை கூறிக் கொண்டிருப்பது நியாயமாகாது.

மூன்று வகை வாகனங்கள்

நபி (ஸல்) அவர்கள் குதிரைகளைப் பற்றிக் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். குதிரை ஒருவருக்கு நற்கூலி, இன்னொருவருக்குத் திரை, வேறொருவருக்குச் சுமை. அல்லாஹ்வின் பாதைக்காகக் கட்டி வைத்தவருக்கு அது நற்கூலியாகும். பிறரிடம் கையேந்தாமல் தன்மானத்தோடு வாழ்வதற்காக வைத்திருந்து, அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் உரிமையை மறவாதவருக்கு அது வறுமையை மறைக்கும் திரையாகும். பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் முஸ்லிம்களிடம் பகைமை பாராட்டுவதற்காகவும் வைத்திருப்பவருக்கோ அது பாவச் சுமையாகும் (புகாரி, முஸ்லிம்).

இதே ஹதீஸின் இறுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. கழுதைகளைப் பற்றி நபியவர்களிடம் கேட்கப்பட்டது. கழுதை அக்காலத்தில் எளியவர்களின் வாகனம். அதைப் பற்றித் தனியாக எதுவும் தமக்கு அருளப்படவில்லை என்று கூறி விட்டு, அணுவளவு நன்மை செய்தவரும் அதைக் காண்பார், அணுவளவு தீமை செய்தவரும் அதைக் காண்பார் என்ற ஸில்ஸால் அத்தியாயத்தின் வசனங்களையே நபியவர்கள் சுட்டிக் காட்டினார்கள். ஆகவே குதிரையானாலும், கழுதையானாலும், நாம் இன்று ஓட்டும் ஸ்கூட்டரானாலும் காரானாலும் கணக்கு ஒன்றுதான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8-வது வசனத்தில் சவாரிப் பிராணிகளைத் தன் அருட்கொடையாகக் குறிப்பிடும் அல்லாஹுத் தஆலா, மக்கள் அறியாதவற்றையும் படைப்பதாகச் சொல்கிறான். நாம் ஓட்டும் இயந்திர வாகனங்களும் அந்த அருட்கொடையில் அடங்கும் என்று உலமாக்கள் விளக்குகின்றனர்.

சகோதரர்களே! உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை ஒரு முறை பாருங்கள். அது மூன்றில் எந்த வகை? வேலைக்கும், மருத்துவமனைக்கும், மக்தபுக்கும் சுமந்து செல்லும் பழைய வண்டி, அல்லாஹ் நாடினால் உங்களுக்குத் திரையாகவும் நற்கூலியாகவும் ஆகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கி விட்டான் என்பதற்காக வட்டிக் கடனில் வாங்கிய வண்டி எந்த வகையைச் சேரும்? வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதாக அல்பகரா அத்தியாயத்தின் 275-வது வசனத்தில் அல்லாஹ் அறிவித்து விட்டான். விலை ஏறும் காலத்தில் வட்டித் தவணையும் சேர்ந்து கொண்டால் அந்த வீட்டில் பரக்கத் எங்கிருந்து வரும்?

எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது?

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-வது வசனம் ரஹ்மானின் அடியார்களுடைய அடையாளத்தைச் சொல்கிறது. அவர்கள் செலவு செய்தால் வீண் விரயம் செய்ய மாட்டார்கள். கஞ்சத்தனமும் செய்ய மாட்டார்கள். இரண்டிற்கும் நடுவில் நிற்பார்கள். பயணச் செலவுக்கும் இதுவே அளவுகோல்.

முதலில் விரயத்தைப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு வேலைக்காக 30 கிலோமீட்டர் வண்டியில் செல்கிறார். மாதம் 26 நாட்களுக்கு 780 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஏறத்தாழ 17 லிட்டர் தேவை. இது அவசியச் செலவு. அதே மனிதர் தேநீருக்கும், அரட்டைக்கும், ஒரு தீப்பெட்டி வாங்குவதற்கும் என்று போக வர இரண்டு கிலோமீட்டராக நாளொன்றுக்கு மூன்று முறை வண்டியை எடுக்கிறார். நாளுக்கு 6 கிலோமீட்டர். மாதத்துக்கு 180 கிலோமீட்டர். நான்கு லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் மாதம் 400 ரூபாய். ஓர் ஏழை மாணவரின் பேருந்துச் செலவுக்கு இது பெரிதும் உதவும் தொகையல்லவா?

இனி, நிறுத்தக் கூடாத பயணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, கல்விக்கான பயணம். கல்வியைத் தேடி ஒருவர் ஒரு பாதையில் நடந்தால், அதன் மூலம் சொர்க்கத்தின் பாதையை அல்லாஹ் அவருக்கு எளிதாக்குகிறான் என்பது நபிமொழி (முஸ்லிம்). இரு பெண் மக்களைப் பருவமடையும் வரை பராமரித்து வளர்த்தவர் மறுமையில் தம்மோடு இவ்வாறு இருப்பார் என்று நபியவர்கள் தம் விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள் (முஸ்லிம்). அப்படியிருக்க, செலவு கூடியவுடன் முதலில் மகளின் படிப்பில் கை வைப்பது எந்த வகையில் நீதியாகும்?

இரண்டு, பெற்றோரையும் உறவினரையும் காணச் செல்லும் பயணம். "பஸ் செலவு அதிகம், பெருநாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்று கிராமத்தில் இருக்கும் தாயைப் பார்க்கச் செல்வதை ஒத்திப் போடுகிறோம். ரிஜ்க் விசாலமாக வேண்டும், ஆயுள் நீள வேண்டும் என்று விரும்புபவர் உறவைச் சேர்ந்து வாழட்டும் என்று நபியவர்கள் அருளியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). எந்தச் செலவால் ரிஜ்க் விரியும் என்று நபியவர்கள் வாக்களித்தார்களோ, அந்தச் செலவையே ரிஜ்க் குறைந்து விடும் என்று அஞ்சி நிறுத்துகிறோம்!

மூன்று, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் நோய் விசாரிக்கச் செல்வதும் ஆகும். நான்கு, ஹலாலான சம்பாத்தியத்துக்கான பயணம். அல்லாஹ்வின் பாதையிலும், அடிமையை விடுவிப்பதிலும், ஏழைக்கும், குடும்பத்துக்கும் செலவழித்த தீனார்களில் அதிக நற்கூலி உள்ளது குடும்பத்துக்குச் செலவழித்த தீனாரே என்று நபியவர்கள் கூறினார்கள் (முஸ்லிம்). ஆகவே பேருந்தில் நின்று கொண்டே வேலைக்குச் செல்லும் தகப்பனே! நிய்யத்தைச் சரி செய்து கொள்ளுங்கள். நடத்துநரிடம் நீங்கள் நீட்டும் பணமும் உங்கள் நன்மைத் தட்டில் வைக்கப்படும்.

ஒரே ஒட்டகம், மூன்று பேர்

ஹிஜ்ரி 2-ல் பத்ருக்குப் புறப்பட்டபோது முஸ்லிம்களிடம் போதிய வாகனங்கள் இல்லை. மூவருக்கு ஓர் ஒட்டகம் என்று முறை வைத்துக் கொண்டார்கள். நபி (ஸல்) அவர்களோடு அலி (ரலி), அபூலுபாபா (ரலி) ஆகிய இருவரும் ஒரே ஒட்டகத்தைப் பகிர்ந்து கொண்டார்கள். நபியவர்கள் நடக்க வேண்டிய முறை வந்தபோது, தாங்களே நடப்பதாக இருவரும் வேண்டினார்கள். நீங்கள் இருவரும் என்னை விட வலிமை மிக்கவர்களல்லர். நற்கூலி உங்களை விட எனக்குத் தேவையற்றதும் அன்று என்று பொருள்பட நபியவர்கள் மறுத்து விட்டார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் இடம் பெற்றுள்ளது.

படையின் தலைவர், அல்லாஹ்வின் தூதர், தம் முறை வந்ததும் இறங்கி நடந்தார்கள். நாமோ, ஒரே தெருவிலிருந்து ஒரே தொழிற்சாலைக்கு ஒரே நேரத்தில் நான்கு வண்டிகளில் தனித்தனியாகப் போகிறோம். இருவர் ஒரு வண்டியில் சென்று, ஒரு வாரம் இவர் வண்டி, மறுவாரம் அவர் வண்டி என்று முறை வைத்துக் கொண்டால் இருவருக்கும் பெட்ரோல் செலவு பாதியாகும். கூடவே ஸலாமும் ஸுஹ்பத்தும் வளரும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் நால்வர் சேர்ந்து நம்பகமான ஓர் ஆட்டோவையோ வேனையோ அமர்த்திக் கொள்ளலாம். ஆனால் செலவு குறையட்டும் என்று ஓர் ஆட்டோவில் பத்துக் குழந்தைகளைத் திணிக்காதீர்கள். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக் கொள்ளாதீர்கள் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 195-வது வசனம் தரும் எச்சரிக்கையாகும்.

ஒரு பயணத்தில், வாகனத்தில் வந்த ஒரு மனிதர் ஏதோ தேவையோடு வலமும் இடமும் பார்த்துக் கொண்டிருந்தார். அப்போது நபியவர்கள், மேலதிக வாகனம் உள்ளவர் இல்லாதவருக்கு அதைக் கொடுக்கட்டும், மேலதிக உணவு உள்ளவர் இல்லாதவருக்கு அதைக் கொடுக்கட்டும் என்று கூறிக் கொண்டே போனார்கள். எஞ்சிய பொருளில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லையோ என்று எண்ணும் அளவுக்குக் கூறினார்கள் என்று அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் சொல்கிறார்கள் (முஸ்லிம்). உங்கள் வண்டியின் காலியான பின் இருக்கையும் மேலதிகமானதுதான். வாகனத்தின் முதுகில் உள்ள அல்லாஹ்வின் உரிமை என்று மேலே கண்டோமே, தேவையுள்ளவரை ஏற்றிச் செல்வதும் அதில் அடங்கும். ஒரு மனிதர் வாகனத்தில் ஏறுவதற்கு உதவுவதும் அவருடைய சுமையைத் தூக்கி வைப்பதும் தர்மம் என்றும் நபிமொழி உண்டு (புகாரி, முஸ்லிம்).

நடையும் ஒரு செல்வம்

அன்ஸாரிகளில் ஒருவருடைய வீடு பள்ளிவாசலுக்கு வெகு தொலைவில் இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு தொழுகையும் தவறியதில்லை. இருட்டிலும் வெயிலிலும் ஏறி வர ஒரு கழுதை வாங்கிக் கொள்ளலாமே என்று அவரிடம் கூறப்பட்டது. தம் வீடு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கூடத் தாம் விரும்பவில்லை என்றும், வரும் அடிகளும் திரும்பும் அடிகளும் தமக்காக எழுதப்பட வேண்டும் என்றும் அவர் சொன்னார். அவை அனைத்தையும் அல்லாஹ் அவருக்காகச் சேர்த்து விட்டான் என்று நபியவர்கள் நற்செய்தி கூறினார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). ஐந்து நிமிட நடைத் தொலைவில் உள்ள பள்ளிவாசலுக்கு வண்டியை முடுக்கும் இளைஞர்களே! அந்த அன்ஸாரித் தோழருக்குக் கிடைத்ததை நீங்கள் பெட்ரோல் ஊற்றி இழக்கிறீர்கள்.

சலுகையும் நேர்மையும்

நமக்கு உரிய சலுகைகளை அறியாமலேயே பலர் செலவு செய்கின்றனர். ரயிலில் 150 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு மாதாந்திர சீசன் சீட்டு எடுக்க முடியும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்கு செலுத்தினால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற, ரயில் பாதையில் அமைந்த ஊர்களில் இருந்து வேலைக்குச் செல்வோர், தம் பயண நேரத்துக்கு ஏற்ற வண்டி இருக்குமானால் இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்குத் தரப்பட்டுள்ள இலவச சீசன் சீட்டுச் சலுகையில் மதரஸா மாணவர்களையும் ரயில்வே சேர்த்துள்ளது. பெண் பிள்ளைகளுக்கு அது பட்டப்படிப்பு வரை உண்டு. நிலையத்தில் விசாரித்து, கல்விக்கூடத்தின் சான்றோடு விண்ணப்பியுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 மே மாதம் தொடங்கியது. உங்கள் ஊர்த் தடத்தில் அத்தகைய பேருந்து எந்த நேரத்தில் வருகிறது என்பதை அறிந்து வையுங்கள்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். செலவு அதிகம் என்பதற்காகச் சீட்டு வாங்காமல் பயணம் செய்வதும், காலாவதியான பாஸைக் காட்டுவதும், ஒருவருடைய பாஸில் இன்னொருவர் செல்வதும் ஹராமாகும். பொதுச் சொத்தில் கோடிக்கணக்கான மக்களுக்குப் பங்குண்டு. ஒரு தனி மனிதரின் உரிமையைப் பறித்தால் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். கோடிக்கணக்கானவர்களிடம் எங்கே போய்க் கேட்பது?

ஆட்டோ ஓட்டும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல், கேஸ் விலை ஏற்றம் உங்களையும் வாட்டுகிறது என்பதை அறிவோம். நியாயமான கட்டணம் உங்கள் உரிமை. நடு இரவில் பிரசவ வலியோடு வருபவரிடம் இரு மடங்கு கேட்பது உங்கள் உரிமையன்று. பயணிகளே! புடவைக் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து விட்டு, வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

முதலாளிமார்களே! தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்பது நபிமொழி (இப்னு மாஜா). அவருடைய கூலியில் ஒரு பகுதி உங்கள் வாசலை வந்தடைவதற்குள்ளாகவே தீர்ந்து விடுகிறது. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பச் செலவிடட்டும் என்ற அத்தலாக் அத்தியாயத்தின் 7-வது வசனம் குடும்பச் செலவைக் குறித்து அருளப்பட்டதாயினும், உங்களுக்காக உழைப்பவரின் போக்குவரத்துப் படியைக் குறித்தும் உங்கள் உள்ளத்தை அது தொடட்டும்.

மஹல்லா ஜமாஅத்தின் கடமை

ஒவ்வொரு மஹல்லாவிலும் பயணச் செலவுக்கு வழியின்றிப் படிப்பை நிறுத்தும் நிலையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை ஜமாஅத்தார் கணக்கெடுக்க வேண்டும். அவர்களுக்கு பைத்துல் மாலிலிருந்து உதவலாம். இதில் ஒரு சட்டத்தைக் கவனியுங்கள். ஜகாத்தை உரியவரின் உடைமையாக அவரிடம் ஒப்படைக்க வேண்டும். எனவே ஏழை மாணவருக்கோ அவருடைய ஏழைத் தகப்பனாருக்கோ ஜகாத் தொகையைக் கையில் கொடுக்கலாம். அவர் அதில் பாஸ் எடுத்துக் கொள்வார். எல்லோரும் ஏறும் பொது வேனுக்கு டீசல் போட ஜகாத்தைச் செலவிடலாகாது. அதற்கு ஸதக்காவும் நன்கொடையும் இருக்கின்றன. வழிப்போக்கர் என்று குர்ஆன் கூறுவது வழியில் கைப்பொருளின்றித் தவிக்கும் பயணியை. அன்றாடம் வேலைக்குச் சென்று வருபவர் அந்த வகையில் சேர மாட்டார். எனினும் அவர் ஏழையாக இருந்தால் ஏழை என்ற வகையில் ஜகாத் பெறத் தகுதியுடையவரே.

அன்பானவர்களே! தொடக்கத்தில் கூறிய சகோதரர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். அந்த மோட்டார் சைக்கிள் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. மகள் இந்த ஆண்டும் கல்லூரிக்குச் செல்கிறாள் என்று மட்டும் அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ்! இன்று இரவு உணவுக்குப் பின் நீங்களும் குடும்பத்தாரோடு அமர்ந்து அப்படி ஒரு தாளை எழுதுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே அது நற்கூலியா, திரையா, சுமையா என்று குறியுங்கள். சுமையை முதலில் இறக்கி வையுங்கள். மற்றவற்றுக்கு அல்லாஹ் வழி திறப்பான்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவில், இதை நமக்கு வசப்படுத்திய அல்லாஹ் தூயவன், நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று நாள்தோறும் சாட்சி கூறுகிறோம். கட்டணமோ சீட்டோ இல்லாத அந்தக் கடைசிப் பயணத்தை நினைவில் வைத்து, இந்தச் சிறு பயணங்களை நாம் சீர் செய்து கொள்வோமாக!

யா அல்லாஹ்! எங்கள் ரிஜ்க்கில் பரக்கத்தைத் தந்தருள்வாயாக! எங்கள் வாகனங்களை எங்களுக்கு நற்கூலியாகவும் திரையாகவும் ஆக்குவாயாக! அவற்றைச் சுமையாக ஆக்கி விடாதிருப்பாயாக! வீட்டை விட்டுப் புறப்படும் ஒவ்வொருவரையும் பத்திரமாக வீடு கொண்டு சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!